டேங்க் மூடியில் ஒரு கையெழுத்து

பங்க்கில் டீசல் போடும் பன்னீர்செல்வத்துக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல வேடிக்கை கிடைத்தது. கோபாலகிருஷ்ணன் சார் வண்டியை விட்டு இறங்கி, பக்கத்திலேயே நின்று, டேங்க்கின் வாயில் டீசல் தெரிகிறவரை போடச் சொன்னார். மூடியைத் தானே திருகினார். சட்டைப் பையிலிருந்து காகித டேப்பை எடுத்து மூடியின் குறுக்கே ஒட்டினார். ஒட்டியதோடு விட்டிருக்கலாம். பேனாவைத் திறந்து அதன்மேல் ஒரு கையெழுத்தும் போட்டார்.

"இன்னா சார், டேங்க்குக்கு காயமா?" என்றான் பன்னீர்செல்வம்.

"ஒரு டெஸ்ட்" என்றார் சார், பேனாவை மூடிக்கொண்டே.

டிரைவர் எல்லப்பன் காற்றடிக்கிற இடத்தருகே நின்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் பன்னீர்செல்வம் தன்னையே பார்ப்பது அவனுக்கு முதுகிலேயே தெரிந்தது. கல்பாக்கத்திலிருந்து கேளம்பாக்கம் வரைக்கும் வண்டி ஓட்டுகிற எவனுக்கும் அந்த டேப்புக்கு அர்த்தம் சொல்லித் தர வேண்டியதில்லை. டிரைவர் டீசல் திருடுகிறான், அவ்வளவுதான். மதியத்துக்குள் அது வேன் ஸ்டாண்டு முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும். அதற்கப்புறம் இந்த ஒருத்தர் வேலையைவிட்டு நிறுத்தினால் வேறு எவரும் சாவியைக் கையில் கொடுக்க மாட்டார்.

சார் அணு ஆராய்ச்சி நிலையத்தில் பெரிய இன்ஜினியர், டவுன்ஷிப்பில் வீடு. மகள் வைஷாலிக்குக் கேளம்பாக்கம் பக்கத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்ததும், பெண் பஸ்ஸில் அல்லாட வேண்டாமென்று இந்தக் குட்டி ஜீப்பை வாங்கினார். ஜீப்பின் உயரம், காரின் நீளம். நிறத்தைப் பார்க்கவில்லை, சீட்டைப் பார்க்கவில்லை, மைலேஜைப் பார்த்து வாங்கினார். லிட்டருக்குப் பதிமூன்று என்று விற்றவர்கள் சொன்னார்கள். அதற்கு மேலேயே கொடுத்தது. சார் அதைக் கல்யாண வீடுகளில்கூடச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்பவர்கள் பந்திக்கு நேரமாகிறது என்று நழுவும்வரை சொன்னார்.

சுனாமிக்கு மறு வருஷம், ஆடி மாதம் போன கையோடு அந்தப் பெருமைக்குச் சனி பிடித்தது. பதிமூன்று பதினொன்று ஆயிற்று, பதினொன்று பத்துக்கு இறங்கியது. யாரும் கேட்பதற்கு முன்னால் எல்லப்பன் தானாகவே போய்ச் சொன்னான்.

"வண்டி திக்குது சார். மெதுவா போனா ஒண்ணும் தெரில. ஓவர்டேக் எடுக்கலாம்னு மிதிச்சா அப்டியே முழிச்சிகினு நிக்குது. அப்பாலிக்கா கறுப்பா பொகைய கக்கிகினு இழுக்குது. அதுக்கோசரம் கியர கொறைச்சி கொறைச்சி ஓட்டுறேன். டீசலு பூடுது."

சார் வண்டியைச் செங்கல்பட்டு சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மூன்று தடவையும் அங்கே இருந்தவர்கள் ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு, வண்டி பிரமாதமாகப் போகிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள். எல்லப்பன் கைக்கு வந்து மறுநாள் ஆனால் திரும்பவும் திக்கல், புகை. சார் ஆராய்ச்சிக்காரர். மற்றவன் ஓட்டினால் ஒழுங்காக ஓடி, ஒருத்தன் ஓட்டினால் மட்டும் டீசல் குடிக்கிற வண்டியைப் பற்றி அவருக்கு ஒரே முடிவுதான் தோன்றியது. வாய்விட்டுச் சொல்லவில்லை. படித்தவர்கள் முகத்துக்கு நேரே திருடா என்று சொல்வதில்லை, டெஸ்ட் வைப்பார்கள்.

டெஸ்ட் இதுதான். ரொப்பிய டேங்க்கோடு முட்டுக்காடு போய்த் திரும்பி, இதே பங்க்கில் மறுபடி ரொப்பிப் பார்ப்பது. சார் முன்சீட்டிலேயே இருப்பார். வண்டி அன்றைக்கும் திக்கி டீசலை முழுங்கினால் கோளாறு வண்டியில். நன்றாக ஓடினால் கோளாறு டிரைவரிடம்.

வண்டி திக்க வேண்டுமே என்று எந்த டிரைவராவது சாமி கும்பிட்டிருப்பானா? எல்லப்பன் கும்பிட்டான். ஸ்டீரிங்கைப் பிடிப்பதற்கு முன்னால் சட்டையின் இடது கைக்குமேல் கையை வைத்து ஒரு நிமிஷம் கண்ணை மூடினான். உள்ளே, தோளுக்குக் கீழே, ஒரு மஞ்சள் துணி முடிச்சு கட்டியிருந்தது.

அந்த முடிச்சு வேண்டா என்கிற அவன் மனைவி கொடுத்தது. அவளுடைய தம்பி குமார் டூரிஸ்ட் வேன் ஓட்டியவன். அந்தச் சித்திரையில் கோவளம் தாண்டி ஒரு லாரியில் மோதிச் செத்துப்போனான். அதே ரோட்டில் தினமும் புருஷனை அனுப்பிவிட்டு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆடியில் செல்லியம்மன் கோவிலுக்குப் போய், கோவில் மண்ணும் குங்குமமும் வேப்பிலையும் வைத்து முடிந்துகொண்டு வந்தாள்.

"வண்டிலயே கட்டு மாமா. வூட்ல வெச்சா ஆவாது. அது கூடவே வரணும்" என்றாள்.

சொல்வது எளிது. சார் வண்டியில் எதையும் தொங்க விட மாட்டார். வண்டி வந்த அன்றைக்கு அவர் மனைவி ஜெகதாம்பாள் முன்பக்கம் கட்டிய எலுமிச்சம்பழத்தையே, பெயின்ட் போய்விடும் என்று கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டவர். கண்ணாடியில் ஒரு பாசிமணி தொங்கினாலும் பார்வையை மறைக்கிறது என்பார். எல்லப்பன் யோசித்து யோசித்து, பானெட்டுக்கு அடியில் இடம் பார்த்தான். ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் ஆயில், ஒரு பக்கம் சேறு. அம்மன் முடிச்சை அங்கெல்லாம் வைக்க மனசு வரவில்லை. இன்ஜின் காற்றை இழுக்கிற பிளாஸ்டிக் குழாயின் வாய் மட்டும் சுத்தமாக, குளுகுளுவென்று இருந்தது. வாய்க்குள் இருந்த ஒரு சின்னப் பட்டையில் நூலால் கட்டித் தொங்கவிட்டான். அம்மனுக்கு நல்ல காற்றோட்டமான இடம் கொடுத்துவிட்டதாக அவனுக்குத் திருப்தி.

சர்வீஸுக்குப் போகும்போதெல்லாம் அதை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொள்வான். சர்வீஸ் பசங்களுக்கு என்ன தெரியும், குப்பை என்று எறிந்துவிடுவார்கள். திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் கட்டிவிடுவான். அந்த விஷயத்தில் அவன் ஒருநாளும் தவறியதில்லை. இன்றைக்கும் சார் பானெட்டைத் திறந்து பார்ப்பார் என்று தெரிந்து, விடியற்காலையிலேயே அவிழ்த்துக் கையில் கட்டிக்கொண்டான்.

டவுன்ஷிப்பைத் தாண்டி ஈசிஆரில் ஏறினதும் ஒரு தண்ணீர் லாரி முன்னால் போனது. எல்லப்பன் வலது பக்கம் ஒடித்து ஆக்சிலேட்டரை மிதித்தான். திக்கப் போகிறது, சார் பார்க்கப் போகிறார் என்று காத்திருந்தான். வண்டி துள்ளிக்கொண்டு பாய்ந்து லாரியைத் தாண்டியது. சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

மகாபலிபுரம் வருவதற்குள் ஒரு ஆட்டோவை, ஒரு ஜல்லி டிராக்டரை, ஒரு அரசு பஸ்ஸை முந்தியாயிற்று. ஒன்றில்கூடத் திக்கவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்தான், புகை என்று பேருக்குக்கூட ஒன்றும் இல்லை. எல்லப்பனுக்கு உள்ளங்கை வேர்த்து ஸ்டீரிங் வழுக்கியது. தெனம் கழுத்த அறுப்பியே, இன்னிக்கு இன்னா கேடு உனக்கு என்று மனசுக்குள்ளேயே வண்டியைத் திட்டினான்.

அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. வண்டி தானாகக் குடிக்காவிட்டால் என்ன, குடிக்க வைக்க ஒரு டிரைவருக்குத் தெரியாதா? நான்காவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு இறக்கினான். கிளட்ச்சின்மேல் பாதத்தை லேசாக வைத்துக்கொண்டான். இன்ஜின் வீணாக இரைந்தது. இப்படியே போய்த் திரும்பினால் டேங்க்கில் பள்ளம் விழும், பேரும் தப்பும்.

"ஏன் எல்லப்பா தேர்டுலயே போற?" என்றார் சார்.

"ரோடு ஃப்ரீயா இல்ல சார்."

ரோடு துடைத்துவிட்டாற்போல் காலியாக இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். எல்லப்பனுக்குக் காது சுட்டது. திருடாதவன் என்று காட்டுவதற்கு இப்படியா திருட்டுத்தனம் பண்ணுவது? காலை எடுத்தான், நான்காவதுக்கு மாற்றினான், அதற்கப்புறம் முட்டுக்காடு வரைக்கும் தனக்குத் தெரிந்த அளவு ஒழுங்காக ஓட்டினான். ஒழுங்காக ஓட்ட ஓட்டத் தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிப்பது போலிருந்தது.

முட்டுக்காட்டில் படகுத் துறைக்கு எதிரே நிறுத்தச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், குழந்தைகள் மிதி படகுக்கு வரிசையில் நின்று கத்திக்கொண்டிருந்தன. சார் கதவைத் திறக்காமல் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு பேசினார்.

"வண்டியில ஒண்ணும் இல்ல எல்லப்பா. இனிமே ரொப்பிப் பார்த்துத்தான் தெரியணும்னு இல்ல."

"சார்..."

"நான் போலீஸ் அது இதுன்னெல்லாம் போக மாட்டேன். நாளையிலேர்ந்து வேற ஏற்பாடு பண்ணிக்கறேன். நீயா நின்னுட்டதா இருக்கட்டும்."

கத்தியிருந்தால் தேவலை. அந்தப் பெருந்தன்மைதான் எரித்தது. எல்லப்பன் இறங்கிப்போய், பாட்டில் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டான். தண்ணீர் கையில் வழிந்து சட்டைக்குள் போக, முடிச்சு நனையுமே என்று கையை மேலே சுருட்டினான். அப்போதுதான் பகல் வெளிச்சத்தில் அதை முதல் தடவையாக நிதானமாகப் பார்த்தான்.

வேண்டா கொடுத்தபோது அது எலுமிச்சம்பழ அளவுக்கு உருண்டையாக இருந்தது. இப்போது உருண்டை இல்லை. துணி நைந்து, தளர்ந்து, நாக்குப் போல நீளமாக இழுபட்டிருந்தது. அதன்மேல் வளையமாக ஒரு கறுப்புத் தடம், குழாயின் வாயளவுக்கு. ஏதோ ஒன்று தினமும் அதை உள்ளே உறிஞ்சிப் பிடித்திருக்கிறது. மெதுவாகப் போனால் தொங்கிக்கொண்டிருந்திருக்கும். மிதிக்கும்போது, இன்ஜின் முழுசாக மூச்சு இழுக்கும்போது, போய் வாயை அடைத்திருக்கும்.

சர்வீஸுக்குப் போன நாளெல்லாம் அது தன் பையில் இருந்தது. வண்டி பிரமாதமாகப் போயிற்று. இன்றைக்குக் கையில் இருக்கிறது. வண்டி பறக்கிறது. எல்லப்பன் அப்படியே ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

சொன்னால் மடையன். சொல்லாவிட்டால் திருடன். சொன்னால், புருஷன் உயிரோடு திரும்பட்டும் என்று வேண்டா முடிந்த முடிச்சுதான் இத்தனையும் செய்தது என்றாகும். அதைப் போய் அவளிடம் எந்த வாயால் சொல்வது? ஆனால் வேன் ஸ்டாண்டில் மடையனுக்கு வேலை கிடைக்கும், திருடனுக்குக் கிடைக்காது. எழுந்துபோய்ச் சொன்னான். கட்டியது, அவிழ்த்தது, மறுபடி கட்டியது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னான்.

"காத்து போற குழாய்லயா? துணியையா?" சாரின் இன்ஜினியர் மூளை ஒரு நொடியில் அதைப் பிடித்துக்கொண்டது. அடுத்த நொடியில் சந்தேகம் அதையும் முந்திக்கொண்டது. "சரி, இப்ப இதைக் கட்டி ஓட்டிக் காட்டுவே. திக்கும். மிதிக்கிறது உன் கால்தானே?"

"அப்ப நீங்களே ஓட்டுங்க சார்."

சார் வண்டி ஓட்டுவது அபூர்வம், அதுவும் டவுன்ஷிப்புக்குள். இருந்தாலும் சொல்லிவிட்டபின் பின்வாங்கவில்லை. எல்லப்பன் பானெட்டைத் தூக்கி, பழைய இடத்தில் பழையபடி கட்டி, அவரைக் கூப்பிட்டுக் காட்டினான். சார் ஸ்டீரிங்கில் உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். எல்லப்பன் பக்கத்துச் சீட்டில் ஏறினான். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்தச் சீட்டில் அவன் உட்கார்ந்ததே இல்லை.

கொஞ்ச தூரம் ஒன்றும் ஆகவில்லை. "எங்கே திக்குது?" என்றார் சார். குரலில் ஒரு கசப்பு.

"மெதுவா போனா தெரியாது சார்."

கோவளம் நெருங்கும்போது ஒரு டூரிஸ்ட் பஸ் முன்னால் போய்க்கொண்டிருந்தது. எதிரே வெகு தூரத்தில் ஒரு மணல் லாரி. நல்ல வண்டிக்கு அது தாராளமான தூரம். சார் இண்டிகேட்டர் போட்டு, ஹாரன் அடித்து, எல்லாம் முறைப்படி செய்து, வலது பக்கம் ஏறி மிதித்தார். வண்டி பஸ்ஸின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் போனது. அங்கேயே நின்றுவிட்டது போலிருந்தது. இன்ஜின் மூச்சுத் திணறி உறுமியது, முன்னால் போகவில்லை. சார் இன்னும் மிதித்தார். மிதிக்க மிதிக்க அடைத்தது. லாரிக்காரன் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தான்.

"மிதிக்காத சார்! கால எடு! பிரேக்கு! பிரேக்க புடி!"

சாரின் கால் மரத்துப்போய் ஆக்சிலேட்டரிலேயே இருந்தது. எல்லப்பன் அவர் முழங்காலைப் பிடித்துத் தள்ளினான், இன்னொரு கையால் கைபிரேக்கை இழுத்தான், பஸ்ஸின் பின்பக்கம் கடந்துபோன அந்த இடைவெளியில் ஸ்டீரிங்கை இடது பக்கம் ஒடித்தான். லாரியின் ஹாரன் காதுக்குள்ளேயே அடித்துவிட்டுப் போனது. வண்டி மண்ணில் இறங்கி, குலுங்கி, ஒரு சவுக்குத் தோப்பு ஓரமாக நின்றது. பின்னால் கறுப்புப் புகை மெதுவாகக் கலைந்துகொண்டிருந்தது.

சார் ஸ்டீரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. எல்லப்பன் ரோட்டைத் திரும்பிப் பார்த்தான். குமார் போனது இந்த இடத்துக்குச் சற்று அந்தப் பக்கம்தான். அந்தச் சாவிலிருந்து தன்னைக் காப்பாற்றக் கட்டியதை வைத்துக்கொண்டு தினமும் இங்கே வந்து செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவனுக்கு அழுகையே வந்தது.

"தினமும் இப்படியா இருந்துச்சு?" என்றார் சார். "வைஷாலி உட்கார்ந்திருக்கும்போதுமா?"

"சொன்னேனே சார்."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"மொத மாசத்துலயே சொன்னேன். நீங்க டீசல் கதன்னு நெனச்சிகினீங்க. கட்னது நான்தான் சார், அது என் தப்பு. அதுக்கு இன்னா வேணா திட்டுங்க, வாங்கிக்கிறேன். பொண்ணுக்கு எதுனா ஆயிருந்தா நான் உயிரோட இருந்திருக்க மாட்டேன். ஆனா ஒரு சொட்டு டீசல எட்த்தவன் இல்ல."

சார் இறங்கினார். தானே பானெட்டைத் தூக்கி, குழாய்க்குள் விரலை விட்டு, உள்ளே சப்பி ஒட்டிக்கொண்டிருந்த துணியைப் பிரித்து எடுத்தார். தூக்கி எறிவாரோ என்று எல்லப்பன் பார்த்துக்கொண்டிருந்தான். எறியவில்லை. அதன்மேல் படிந்த கரியைத் தன் கைக்குட்டையால் துடைத்தார், துடைத்தும் போகவில்லை.

"முன்னாடி கண்ணாடியிலயே கட்டிக்க எல்லப்பா. தொங்கட்டும். நான் ஒண்ணும் சொல்லல."

அவர் அதை எவ்வளவு பெரிய மனசோடு சொன்னார் என்பது எல்லப்பனுக்குப் புரிந்தது. ஆனாலும் கையை நீட்டி வாங்கிச் சட்டைக் கைக்குள் கட்டிக்கொண்டான்.

"வேணாம் சார். இது உங்க வண்டிக்கு முடிஞ்சது இல்ல. எனக்கு முடிஞ்சது."

திரும்பும்போது எல்லப்பன் ஓட்டினான். வண்டி ஒரு இடத்திலும் திக்கவில்லை. மகாபலிபுரம் தாண்டியதும் சார், "பங்க்குக்கெல்லாம் வேண்டாம், நேரா வீட்டுக்குப் போயிடலாம். நாளைக்கு வைஷாலிக்கு வழக்கம்போல வந்துடு" என்றார். எல்லப்பன் டவுன்ஷிப் திருப்பத்தில் திரும்பாமல் நேராகப் போய் பங்க்குக்குள் வண்டியைத் திருப்பி, காலையில் நின்ற அதே இடத்தில் நிறுத்தினான்.

பன்னீர்செல்வம் குழாயோடு ஓடி வந்தான். பின்னாலேயே வேன்காரர்கள் இரண்டு பேர். காலையில் பார்த்ததைப் பரப்பி, கூட்டமும் சேர்த்து வைத்திருந்தான்.

"இன்னா சார், டெஸ்ட்டு பாஸா, பெயிலா?"

எல்லப்பன் இறங்கிச் சாரின் பக்கம் போய்க் கதவைத் திறந்தான்.

"அந்த டேப்ப எட்த்துடுங்க சார்."

"நீயே எடுத்துடேன் எல்லப்பா."

"அது என் கையெழுத்து இல்லியே சார்."

சார் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கி வண்டியைச் சுற்றிக்கொண்டு போனார். வெயிலில் காய்ந்து டேப் மூடியோடு ஒட்டிப் போயிருந்தது. இழுத்தால் முழுசாக வரவில்லை, துண்டு துண்டாகக் கிழிந்தது. அவர் குனிந்து, கண்ணாடி மூக்கில் நழுவ, நகத்தால் சுரண்டினார். சுரண்டிக்கொண்டே, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"வண்டியிலதான் கோளாறு. டிரைவர் மேல ஒண்ணும் இல்ல."

பன்னீர்செல்வம் சிரிக்கவில்லை. எல்லப்பன் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். கடைசித் துணுக்கு உரிந்து வருகிறவரை உதவிக்குப் போகவில்லை.